பக்கத்து மேசையின் பகை: கர்னல் பிக்காரின் கதை

வெளிப்பகையினும் உட்பகை கொடிது என்பதை நம் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. உடனிருந்தே கெடுப்பவனைப் பற்றிப் பேசுவதற்கென்று வள்ளுவர் 'உட்பகை' என ஓர் அதிகாரத்தையே தனியாக ஒதுக்கினார். அரசனையும் அவனது அவையையும் கருதி எழுதப்பட்டது அது. எனினும் ஓர் அலுவலகத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரே கோப்பின் மேல் குனிந்து வேலை செய்யும் சிலரிடையே அது எவ்வாறு முளைவிடுகிறது, எவ்வாறு வளர்கிறது என்பதற்கு வரலாற்றில் மிகத் தெளிவான சான்று ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் நிகழ்ந்தது அது.

ட்ரேஃபஸ் வழக்கைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் ஓரளவேனும் அறிவோம். யூதர் என்பதாலேயே ஐயத்துக்குள்ளாகி, செய்யாத குற்றத்துக்காகத் தென் அமெரிக்கக் கரையோரத் தீவொன்றில் சிறை வைக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் கதை. அவருக்காக எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதமும் இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அந்தப் பெருங்கதையின் உள்ளே இன்னொரு சிறிய கதை ஒடுங்கிக் கிடக்கிறது. அது ஓர் அலுவலகத்தின் கதை. ஒரு மேலதிகாரிக்கும் அவருக்குக் கீழே பணியாற்றிய ஒருவருக்கும் இடையே நடந்த கதை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

* * *

பிரெஞ்சுப் போர் அமைச்சகத்தில் 'புள்ளிவிவரப் பிரிவு' என்றொரு அலுவலகம் இருந்தது. பெயரைக் கேட்டால் கணக்குப்பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இடம் எனத் தோன்றும். உண்மையில் அது ஒற்றறியும் துறை. பணியாற்றியோர் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிலரே. தலைவராகக் கர்னல் சாந்தேர். அடுத்து மேஜர் ஆன்ரி. ஜெர்மானிய மொழி அறிந்த கேப்டன் லோத். ஆவணக் காப்பாளர் கிரிப்லேன். முக்கியப் பாத்திரம் ஒருவர் அலுவலகத்துக்கு வெளியே இருந்தார். பாரிஸிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்தில் துப்புரவுப் பணி செய்த மரி பஸ்தியான் என்ற பெண்மணி. தூதரகக் குப்பைக் கூடைகளில் கிடக்கும் கிழிந்த காகிதங்களைத் திரட்டி ஆன்ரியிடம் சேர்ப்பது அவரது வழக்கம். அத்துண்டுகளை ஒட்டிச் சேர்த்துப் படிப்பதே அப்பிரிவின் அன்றாட அலுவல்.

1894 செப்டம்பரில் அவ்வாறு வந்து சேர்ந்ததுதான் புகழ்பெற்ற 'பொர்தெரோ' எனும் பட்டியல். ராணுவ ரகசியங்கள் சிலவற்றை ஜெர்மானியருக்கு அனுப்புவதாக யாரோ ஒருவர் எழுதிய, கையொப்பமற்ற குறிப்பு அது. கையெழுத்து ஒத்திருப்பதாகச் சொல்லி, 1894 அக்டோபர் 15-ஆம் நாள் கேப்டன் ஆல்ஃபிரெட் ட்ரேஃபஸ் கைது செய்யப்பட்டார். டிசம்பரில் மூடிய கதவுகளுக்குள் ராணுவ நீதிமன்றம் கூடியது. சான்று போதாமல் வழக்கு தள்ளாடிய வேளையில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஆன்ரி. நேர்மையான ஒருவர் தம்மிடம் ஒரு துரோகியைப் பற்றி எச்சரித்ததாகக் கூறி, அத்துரோகி இவரே என்று ட்ரேஃபஸைச் சுட்டிக்காட்டினார். எச்சரித்தவர் யார் என்று கேட்டபோது சொல்ல மறுத்தார். போதாக்குறைக்கு, எதிர்த்தரப்புக்குக் காட்டாமலேயே ஒரு ரகசியக் கோப்பு நீதிபதிகளின் கையில் கொடுக்கப்பட்டது. ட்ரேஃபஸ் குற்றவாளியானார். 1895 ஜனவரி 5-ஆம் நாள் பலர் காண அவரது பட்டைகள் கிழித்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. பின்னர் அவர் டெவில்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த அவமதிப்புச் சடங்கின்போது உடனிருந்த அதிகாரிகளில் ஜார்ஜ் பிக்காரும் ஒருவர். ட்ரேஃபஸ் குற்றவாளி என்பதில் அவருக்கு அன்று ஐயமில்லை. யூதர்பால் அவருக்கு நல்லெண்ணமும் கிடையாது. இதை இங்கே குறிப்பிடுவது அவசியம். பின்னர் நடந்தவற்றை அவர் இரக்கத்தினால் செய்யவில்லை; ஒரு கோப்பைப் படித்ததனால் செய்தார்.

* * *

1895 ஜூலையில் சாந்தேர் நோயுற்று விலக, அப்பதவிக்குப் பிக்கார் வந்தார். அடுத்த ஏப்ரலில் லெஃப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் அந்தப் பதவியை வகித்தோரில் அவரே இளையவர். கல்வி, பன்மொழிப் புலமை, இசை ஆர்வம் எல்லாம் நிறைந்தவர். ஆன்ரியோ உழவர் குடும்பத்தில் பிறந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1870-ஆம் ஆண்டுப் போரில் பங்கேற்று, படிப்படியாக மேலேறியவர். அயல்மொழி ஒன்றும் அறியார். தம்மைவிட வயதில் இளையவரும் படிப்பில் மேம்பட்டவருமான ஒருவரின் கீழ் அவர் இப்போது வேலை செய்ய வேண்டியிருந்தது. இவ்வேறுபாடே பின்னாளைய பகைக்கு வித்து என்று கூறிவிடுவது எளிது. ஆனால் தொடக்க மாதங்களில் இருவரிடையே வெளிப்படையான பூசல் எதுவும் இல்லை. பகை தோன்றியது ஒரு காகிதத் துண்டினால்.

1896 மார்ச்சில் தூதரகக் குப்பை வழக்கம்போல் வந்தது. தாயாரின் நோய் காரணமாக ஊருக்குச் செல்லும் அவசரத்தில் இருந்த ஆன்ரி, அதைப் பிரித்துப் பாராமலேயே பிக்காரிடம் கொடுத்துவிட்டார். பிக்கார் அதை லோத்திடம் அளித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட துணுக்குகளை ஒட்டியபோது ஒரு சிறிய நீலநிற அஞ்சலட்டை உருவெடுத்தது. பாரிஸில் அந்நாளில் காற்றழுத்தக் குழாய்களின் வழியே விரைவு அஞ்சல் அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பயன்படும் அட்டை அது. ஜெர்மானிய ராணுவத் தூதர் ஷ்வார்ட்ஸ்கோப்பன் தரப்பிலிருந்து எழுதப்பட்டு, அனுப்பப்படாமல் கிழிக்கப்பட்டிருந்தது. முகவரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் பெயர்: மேஜர் எஸ்தெராசி.

கடனில் மூழ்கிய, சூதாட்டப் பழக்கமுள்ள மனிதர் எஸ்தெராசி. பிக்கார் அமைதியாக விசாரிக்கத் தொடங்கினார். ஆகஸ்டில் எஸ்தெராசியின் விண்ணப்பக் கடிதங்கள் இரண்டு கைக்குக் கிடைத்தன. அக்கையெழுத்தைப் பார்த்தவுடன் பிக்கார் திகைத்தார். ட்ரேஃபஸை டெவில்ஸ் தீவுக்கு அனுப்பிய பட்டியலின் எழுத்தும் இதுவும் ஒன்றே. உடனே கிரிப்லேனிடமிருந்து அந்த ரகசியக் கோப்பை வாங்கிப் படித்தார். அதில் ட்ரேஃபஸுக்கு எதிராக உருப்படியான சான்று ஒன்றுமேயில்லை.

ஓர் அலுவலகத்தில் இத்தகைய கண்டுபிடிப்பு எத்துணை ஆபத்தானது என்பதைப் பிக்கார் அப்போது முழுதும் உணர்ந்தாரெனத் தோன்றவில்லை. பிழை நடந்துவிட்டது, மேலிடத்தில் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்றே அவர் நம்பினார். தளபதி புவாதெஃப்ரிடமும், துணைத் தளபதி கோன்ஸிடமும் முறைப்படி அறிவித்தார். இரண்டு வழக்குகளையும் ஒன்றாக்க வேண்டாம் என்பதே மறுமொழி. 1896 செப்டம்பர் நடுவில் கோன்ஸுடன் நடந்த உரையாடலைப் பிக்கார் பின்னாளில் நீதிமன்றத்தில் விவரித்தார். அந்த யூதர் தீவில் கிடந்தால் உமக்கென்ன, நீர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற பொருளில் கோன்ஸ் பேசியதாகவும், இந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு கல்லறைக்குச் செல்ல மாட்டேன் என்று தாம் மறுமொழி கூறியதாகவும் அவரது வாக்குமூலம் சொல்கிறது.

* * *

இங்கேதான் பக்கத்து மேசை விழித்துக்கொண்டது.

ஆன்ரியின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை. தலைமைக்குக் காட்டிய விசுவாசம் என்பர் சிலர். 1894-இல் தாம் சொன்ன சாட்சியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அச்சம் என்பர் வேறு சிலர். எஸ்தெராசியும் ஆன்ரியும் 1870-களின் இறுதியில் ஒற்றறியும் பணியில் சிறிது காலம் உடன் பணியாற்றியவர்கள் என்பதையும் மறக்கலாகாது. காரணம் எதுவாயினும், செயல் தெளிவானது. 1896 நவம்பர் தொடக்கத்தில், தூதரகக் குப்பையிலிருந்து வந்த உண்மையான கடிதங்கள் இரண்டை எடுத்து, தலைப்பையும் கையொப்பத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவே வேறொரு காகிதத் துண்டில் ட்ரேஃபஸின் பெயர் வருமாறு சில வரிகளைப் புனைந்து ஒட்டினார். இத்தாலிய ராணுவத் தூதர் பனிட்சார்தி, ஜெர்மானியத் தூதருக்கு எழுதியதுபோல் அமைந்த கடிதம் அது. ஒட்டி முடித்து, தம் நேர் மேலதிகாரியான பிக்காரிடம் காட்டாமல், அவரைத் தாண்டிக் கோன்ஸிடம் கொண்டு சேர்த்தார்.

தலைவரைத் தாண்டி அதற்கும் மேலே செல்லும் ஒரு கோப்பு. உடன் பணியாற்றுவோர் செய்யும் துரோகத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுவே. அதைப் பெற்ற கோன்ஸும் ஒரு வினாவைக்கூட எழுப்பவில்லை. பிரிவின் தலைவர் கண்ணில் படாமல் இத்தகைய ஆவணம் ஏன் வருகிறது என்று அவர் கேட்டிருந்தால், கதை அன்றே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, ஏனெனில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம்.

இரண்டாம் அடையாளம் இடமாற்றம். அதே நவம்பரில் பிக்கார் பாரிஸிலிருந்து வெளியேற்றப்பட்டார். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. முதலில் கிழக்கு எல்லைப் பகுதியில் ஓர் ஆய்வுப் பணி, பின்னர் இன்னொன்று, அப்புறம் கடல் கடந்து துனிசியா. கோன்ஸின் கடிதங்கள் மட்டும் அன்பொழுக வந்துகொண்டேயிருந்தன. 1897-இல் அவரைத் திரிப்போலி எல்லைக்கே அனுப்புமாறு ஆணை பிறந்தது. அப்பகுதிக்குச் சென்ற ஒரு பிரெஞ்சுப் பிரமுகர் முந்தைய ஆண்டுதான் கொல்லப்பட்டிருந்தார். துனிசியாவிலிருந்த தளபதி லெக்லேர், அத்தகைய இடத்துக்குத் தம் அதிகாரியை அனுப்ப மறுத்தார்.

மூன்றாம் அடையாளம் திறக்கப்பட்ட கடிதங்கள். பிக்கார் பெயருக்கு அலுவலகத்துக்கு வந்த தனிப்பட்ட அஞ்சல்களை ஆன்ரி பிரித்துப் படித்து வந்தார். 1897 மே இறுதியில் அவரே பிக்காருக்கு ஒரு கடிதம் எழுதினார். அலுவல் சாராத நோக்கத்துக்காக அஞ்சல்களைக் கைப்பற்றியது, சாட்சிகளைத் தயார்செய்ய முயன்றது, ரகசியக் கோப்பைத் திறந்தது எனப் பிக்கார்மீதே குற்றங்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. நேற்றுவரை தமக்குக் கீழே பணியாற்றியவர் இப்படி எழுதத் துணிந்தால், அவருக்குப் பின்னே யாரோ நிற்கிறார்கள் என்பதைப் பிக்கார் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார்.

குற்றச்சாட்டுகள் எவ்வாறு நெய்யப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். நீல அட்டையை ஒளிப்படம் எடுத்தபோது கிழிசல் கோடுகள் தெரியாதபடி எடுக்குமாறு லோத்திடம் பிக்கார் சொல்லியிருந்தார். பிரதியைப் பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதிருக்கவே அந்த ஏற்பாடு. அதுவே பின்னர், சான்றைப் புனைய முயன்றார் என்பதற்கு ஆதாரமாகத் திருப்பப்பட்டது. அட்டையில் முகவரி எழுதப்பட்ட இடம் சுரண்டப்பட்டு, அதே பெயர் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. வேறொருவர் பெயரை அழித்துவிட்டு எஸ்தெராசியின் பெயரைப் பிக்கார் நுழைத்தார் எனத் தோன்றச் செய்யும் வேலை. சுரண்டியதற்கு முன்பே எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் இருந்தமையால்தான் அச்சூழ்ச்சி பின்னாளில் அம்பலமானது. தம் வழக்கறிஞர் நண்பர் லெப்லுவாவுடன் அமர்ந்து, ரகசியக் கோப்பை மேசைமீது விரித்து வைத்திருந்ததைக் கண்ணால் கண்டதாகவும் ஆன்ரி சாட்சியம் சொன்னார். அவர் குறித்த காலத்தில் லெப்லுவா பாரிஸிலேயே இல்லை. 1897 நவம்பரில், பிக்கார் ஏதோ ஒரு சதிக் கும்பலைச் சேர்ந்தவர் எனக் காட்டும் வகையில், 'ஸ்பெரான்சா', 'பிளான்ஷ்' என்ற பொய்ப் பெயர்களில் துனிசியாவுக்குத் தந்திகள் பறந்தன.

முழுப்பொய்யைக் காட்டிலும், நடந்த சிறு நிகழ்ச்சியைத் திருகிச் சொல்லும் பொய்யே அலுவலகங்களில் வலிமை வாய்ந்தது. ஒளிப்படம் எடுக்கச் சொன்னது உண்மை; லெப்லுவா நண்பர் என்பது உண்மை. நோக்கம் மட்டுமே பொய். அதை மறுக்க ஒருவரிடம் தம் சொல்லைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

* * *

பிக்கார் என்ன செய்தார்? துனிசியாவிலிருந்தபோது 1897 ஏப்ரலில், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் குடியரசுத் தலைவரிடம் சேர்ப்பிக்குமாறு, நடந்தவற்றையெல்லாம் தம் உயிலோடு இணைத்து எழுதி முத்திரையிட்டு வைத்தார். ஜூனில் விடுப்பில் பாரிஸ் வந்து லெப்லுவாவிடம் உண்மையைச் சொன்னார். அப்போதும் ராணுவ அதிகாரி என்ற கட்டுப்பாடு அவரைத் தடுத்தது. ட்ரேஃபஸின் குடும்பத்தாரிடம் சொல்லக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். லெப்லுவா செனட் சபையின் துணைத்தலைவர் ஷெரேர்-கெஸ்னேரிடம் சொல்ல, செய்தி மெல்ல வெளியுலகை அடைந்தது. ட்ரேஃபஸ் தீவில் கழித்த ஒவ்வொரு மாதத்தையும் எண்ணிப் பார்ப்போருக்கு, பிக்காரின் இந்தத் தயக்கம் ஒரு குறையாகவே தோன்றும். தோன்ற வேண்டியதும்கூட.

1898 ஜனவரி 11-ஆம் நாள் ராணுவ நீதிமன்றம் எஸ்தெராசியை விடுவித்தது. 13-ஆம் நாள் ஸோலாவின் கடிதம் வெளியானது. பிக்கார் காவலில் வைக்கப்பட்டதும் அன்றே. பிப்ரவரியில் ஸோலாமீது நடந்த வழக்கில் ஆன்ரியும் பிக்காரும் எதிரெதிரே நின்றனர். பிக்கார் பொய் சொல்கிறார் என்று ஆன்ரி அவையில் உரக்கச் சொன்னார். அம்மாத இறுதியில் பிக்கார் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். மார்ச் 5-ஆம் நாள் இருவரும் வாளேந்தி மோதினர். ஆன்ரிக்குக் கையில் காயம்.

ஜூலை 7-ஆம் நாள் போர் அமைச்சர் கவேஞாக், ட்ரேஃபஸின் குற்றத்துக்கு மறுக்க முடியாத சான்று என்று ஆன்ரி புனைந்த கடிதத்தை நாடாளுமன்றத்தில் வாசித்தார். நாட்டின் ஊர்தோறும் அவ்வுரையைச் சுவரொட்டியாக ஒட்டுவதென்று அவை தீர்மானித்தது. இரண்டு நாட்களில் பிக்கார் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்: அமைச்சர் வாசித்த மூன்று ஆவணங்களுள் இரண்டு ட்ரேஃபஸைக் குறிப்பன அல்ல, மூன்றாவது போலி, இதை நிரூபிக்கத் தாம் தயார். பரிசாக அவருக்குக் கிடைத்தது மீண்டும் சிறை.

ஆனால் ஏறத்தாழ ஒரு மாதமே கழிந்திருந்தது. கவேஞாக்கின் அலுவலகத்திலேயே அப்பொய் உடைந்தது. ஆகஸ்ட் 13-ஆம் நாள் இரவு, கேப்டன் குயிஞே என்ற அதிகாரி ஆவணங்களை விளக்கொளியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ட்ரேஃபஸின் ஆதரவாளர் அல்லர். கடிதத்தின் தலைப்பும் அடியும் ஒருவகைக் கட்டக் கோடுகள் கொண்ட தாளிலும், நடுப்பகுதி வேறு நிறக் கோடுகள் கொண்ட தாளிலும் இருப்பதை அவர் கண்டார். இரண்டு வெவ்வேறு தாள்கள் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. ஈராண்டுகள் ஒரு நாட்டையே ஆட்டிப் படைத்த பொய், கோடுகளின் நிறத்தில் பிடிபட்டது. ஆகஸ்ட் 30-ஆம் நாள் அமைச்சரின் முன்னே ஆன்ரி முதலில் மறுத்தார், பின்பு சில சொற்களை மட்டும் சேர்த்ததாகச் சொன்னார், இறுதியில் முழுதும் ஒப்புக்கொண்டார். நாட்டின் நலனுக்காகச் செய்தேன் என்றார். மறுநாள் மோன்-வலேரியான் கோட்டைச் சிறையில், சவரக்கத்தியால் கழுத்தறுபட்டுப் பிணமாகக் கிடந்தார். அடுத்த மாதம் பிக்கார் நீதிமன்றத்தில் எழுந்து, தம் சிறையிலும் ஆன்ரியின் சவரக்கத்தியைப் போன்ற ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அது கொலையென்றே அறியுங்கள், தற்கொலை அன்று எனப் பகிரங்கமாக அறிவித்தார்.

* * *

பொய் அம்பலமான பின் உண்மை வென்றது என்று எழுதி முடித்துவிட இயலாது. ஆன்ரியின் மனைவிக்காக ஒரு நாளிதழ் நிதி திரட்டியது. ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் நன்கொடை அளித்தனர். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பிராங்குகள் சேர்ந்தன. கவிஞர் பால் வலேரியும் அதில் மூன்று பிராங்குகள் தந்தவர் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நெருடலான செய்தி. ஆன்ரியின் போலிக் கடிதத்தைத் தேசபக்தச் செயலாகவே போற்றி எழுதினார் ஷார்ல் மொராஸ். பிக்காரோ ஏறத்தாழ பதினோரு மாதங்கள் சிறையிலிருந்து 1899 ஜூனில்தான் வெளிவந்தார். அந்த ஆண்டு ரென் நகரில் ட்ரேஃபஸ் மீண்டும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, பின்னர் மன்னிப்பளிக்கப்பட்டார். 1900 டிசம்பரில் இயற்றப்பட்ட பொதுமன்னிப்புச் சட்டம், இவ்வழக்கில் குற்றம் புரிந்த தளபதிகள் அனைவரையும் காப்பாற்றியது. கோன்ஸ் ஒருநாளும் தண்டிக்கப்படவில்லை. எஸ்தெராசி இங்கிலாந்தில் ஒளிந்து வாழ்ந்து 1923-இல் இறந்தார்.

1906 ஜூலை 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ட்ரேஃபஸைக் களங்கமற்றவராக அறிவித்தது. பிக்கார் தளபதிப் பதவியுடன் ராணுவத்துக்குத் திரும்பினார். இழந்த ஆண்டுகளும் அவருக்குக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அக்டோபரில் கிளெமான்சோவின் அமைச்சரவையில் போர் அமைச்சரே ஆனார். ட்ரேஃபஸுக்கோ, சிறையில் கழிந்த ஆண்டுகள் பணிமூப்பில் சேரவில்லை. அக்குறையைத் தீர்க்கும் நிலையிலிருந்தவர் அமைச்சர் பிக்கார். அவர் தீர்க்கவில்லை. மனமுடைந்த ட்ரேஃபஸ் 1907-இல் ஓய்வு பெற்றார். அவருக்குத் தளபதிப் பதவி அளிக்கும் சட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025-இல்தான். அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்.

இந்தக் கடைசித் திருப்பமே இக்கதையை ஒரு நீதிக்கதையாக விடாமல் காக்கிறது. பிக்கார் மகாத்மா அல்லர். தம்மீது பொய் வந்து விழுந்தபோது அதன் கொடுமையை அறிந்தவர். எனினும் தமக்குக் கிடைத்த நீதி மற்றவருக்குக் குறைந்தபோது வாளாவிருந்தவர். ஆன்ரியும் கதைகளில் வரும் கயவர் அல்லர். போரில் உயிரைத் துச்சமாக எண்ணியவர். தம் அலுவலகத்தின் பெயர் கெடக்கூடாது என்று எண்ணியே முதல் பொய்யை ஒட்டியிருக்கக் கூடும். உடனிருப்பவனின் துரோகம் பெரும்பாலும் விசுவாசம் என்ற பெயரில்தான் உள்ளே நுழைகிறது. நிறுவனத்துக்காக, தலைமைக்காக, நாட்டுக்காக என்று அது தன்னைத்தானே நம்ப வைத்துக்கொள்கிறது.

ஆகவே ஆன்ரியைக் காட்டிலும் கோன்ஸையே நான் அதிகம் எண்ணிப் பார்க்கிறேன். ஆன்ரிக்குப் பசையும் காகிதமும் மட்டுமே இருந்தன. அந்தக் காகிதத்துக்கு அதிகாரம் தந்தவர், வேண்டிய பொய்யைக் கேள்வியின்றி வாங்கிக்கொண்ட மேலதிகாரி. அவர் ஒரு வரியும் புனையவில்லை; எவர் கடிதத்தையும் சுரண்டவில்லை. அன்பொழுகக் கடிதம் எழுதினார், இடமாற்ற ஆணையில் கையொப்பமிட்டார், ஓய்வூதியம் பெற்றார். ஒரு கூடத்தில் உண்மை பேசுகிறவனின் பக்கத்து மேசை பகையாக மாறும்போது, நாம் முதலில் பார்க்க வேண்டியது அந்த மேசையை அன்று. கதவு சாத்தப்பட்ட மேலறையை.